எழுதா இசையின் ஏடுகள்



மகா வைத்தியநாத ஐயரின் பாட்டு எப்படி இருந்தது என்று யாரேனும் கேட்டால், நம்மில் எவராலும் நேரடியாக விடை கூற இயலாது. அவர் 1893ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய குரலை எந்தக் கருவியும் பிடித்து வைக்கவில்லை. கேட்டவர்கள் வியந்து எழுதியவை இருக்கின்றன, பாட்டு இல்லை. ஓவியன் மறைந்தாலும் ஓவியம் சுவரில் நிற்கிறது. சிற்பி மறைந்தாலும் சிலை கோயிலில் நிற்கிறது. பாடகனோ மறையும்போது தன் பாட்டையும் உடன் கொண்டு போய்விடுகிறான்.

அமெரிக்க நாட்டின் தென்கோடியில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் இத்தகைய கலைஞர் ஒருவர் வாழ்ந்தார். பட்டி போல்டன் என்பது அவர் பெயர். கார்னெட் என்னும் ஊதுகருவியை வாசித்த கறுப்பினக் கலைஞர் அவர். ஜாஸ் இசைக்கு முதல் உருக் கொடுத்தவர்களுள் அவரை முன்னிறுத்திப் பேசுவது வழக்கம். 1907ஆம் ஆண்டில் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்ட அவர், 1931இல் அங்கேயே காலமானார். அவர் வாசித்த இசையில் ஒரு நொடி கூட இன்று நமக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. எஞ்சியிருப்பவை அவருடைய குழுவின் நிழற்படம் ஒன்றும், முதியோர் சொல்லிச் சென்ற நினைவுகளும் மட்டுமே.

ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேகரிப்பதையும் அவற்றைக் கேட்பதையும் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். பழைய தட்டுகளைத் தேடி அலைவதைத் தபால் தலை சேர்ப்பது போன்ற ஒரு பொழுதுபோக்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். ஓரளவுக்கு அது உண்மைதான். ஆனால் ஜாஸ் இசையைப் பொறுத்தவரையில் இசைத்தட்டு என்பது வெறும் நினைவுப் பொருளன்று. அதுவே அந்தக் கலையின் ஏடு. ஏன் என்று பார்ப்போம்.

மேனாட்டுச் செவ்வியல் இசையில் இசையமைப்பாளர் ஒவ்வொரு சுரத்தையும் தாளில் எழுதி வைக்கிறார். பேத்தோவன் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகியும், அந்தத் தாளைக் கொண்டு இன்றும் அவருடைய இசையை எழுப்ப முடிகிறது. ஜாஸ் அவ்வாறானதன்று. நம் கருநாடக இசையில் ஆலாபனைக்கும் கற்பனைச் சுரத்துக்கும் உள்ள இடத்தை அங்கே தனி வாசிப்பு பெறுகிறது. மெட்டு ஒன்று இருக்கும். அதைத் தாங்கி நிற்கும் சுரக்கூட்டுகளின் வரிசை ஒன்று இருக்கும். அவற்றை முதலில் வாசித்துக் காட்டிவிட்டு, அந்த வரிசை மீண்டும் மீண்டும் சுற்றி வரும்போது ஒவ்வொருவராகத் தம் மனோதர்மத்தால் புதிய மெட்டுகளைப் பின்னுவர். நேற்று வாசித்ததை இன்று வாசிக்கமாட்டார். இன்று வாசித்தது நாளை வராது. எனவே பெயர் பெற்ற பாட்டு ஒன்றின் மெட்டைத் தாளில் எழுதி வைத்தாலும், கலைஞர் அதன்மேல் கட்டிய மாளிகை தாளில் தங்குவதில்லை. அது தங்கிய ஒரே இடம் இசைத்தட்டு.

முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பதிவாயிற்று. அதை வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த வெள்ளையர் ஐவர். இந்த இசையைப் படைத்து வளர்த்த கறுப்பினக் கலைஞர்களுக்குப் பதிவுக்கூடத்தின் கதவு திறக்க மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. ஆகவே தட்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பவன் இசையின் வரலாற்றோடு, யாருடைய குரல் பதிவுக்கு உரியது என்று அக்காலச் சமூகம் கருதியது என்பதையும் சேர்த்தே படிக்கிறான். சேகரிப்பாளன் கற்க வேண்டிய முதற் பாடம் இதுவே: தட்டில் இருப்பதைக் கேட்கும்போது, தட்டில் ஏறாமற் போனதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

1923ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ‘கிங்’ ஆலிவர் என்று புகழ்பெற்ற ஜோ ஆலிவரின் குழு, இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்னும் சிற்றூருக்குப் பதிவு செய்யச் சென்றது. அக்குழுவில் இரண்டாம் கார்னெட் வாசித்தவர் இருபத்தொரு வயது இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங். அப்போது ஒலிவாங்கி புழக்கத்துக்கு வரவில்லை. பெரிய கொம்பு போன்ற குழாய் ஒன்றின் முன் அனைவரும் கூடி நின்று வாசிக்க வேண்டும். அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் வரி கீறும். பதிவுக்கூடத்தின் அருகே இருப்புப்பாதை ஓடிற்று. வண்டி வரும்போது வேலையை நிறுத்தியாக வேண்டும். முரசை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும். ஆகையால் தாளக் கலைஞர் மரக்கட்டையைத் தட்டியே காலம் காட்டினார். ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் மற்றவர்களை மூழ்கடித்ததால், அவரை அறையின் கோடியில் தள்ளி நிறுத்தினார்கள் என்று அக்குழுவின் பியானோக் கலைஞர் லில் ஹார்டின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இன்று அத்தட்டைக் கேட்பவர் இந்தச் செய்திகளை அறிந்து கேட்டால், மெலிந்து ஒலிக்கும் அந்த இசைக்குள் அடங்கிக் கிடக்கும் வலிமையை உணர்வார்.

இங்கே நம் நாட்டுக்கும் இக்கலைக்கும் உள்ள தொடர்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். அக்காலத்துத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை. கல்தூளை அரக்கோடு கலந்து அவற்றைச் செய்தார்கள். உலகச் சந்தைக்கு அரக்கைப் பேரளவில் அனுப்பியது இந்தியா. சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரந்த பிசினைப் பழங்குடி மக்கள் சேகரித்தனர். அதுவே கடல் கடந்து சென்று, சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ஆம்ஸ்ட்ராங்கின் மூச்சைத் தாங்கும் தட்டாயிற்று.

பத்து அங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் இசை அடங்கும். இது குறையே ஆயினும், குறளின் இரண்டடி போல் இந்த எல்லையும் ஒரு செறிவைத் தந்தது. அதற்கு எடுத்துக்காட்டாக 1928ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ என்னும் தட்டைக் கூறுவேன். அந்தப் பாட்டு அவருடைய குருவான ஆலிவர் இயற்றியது. ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். எப்படிக் கேட்பது என்றும் சொல்லுகிறேன்.

முதலில் துணைக் கருவி எதுவும் இன்றி ட்ரம்பெட் மட்டும் ஒலிக்கும். தாளக்கட்டில்லாமல் ஏறி இறங்கும் அச்சிறு முகப்பை நம் ஆலாபனைக்கு ஒப்பிடலாம். பிறகு குழு முழுவதும் சேர்ந்து மெட்டைத் தொடங்கும். அம்மெட்டு, நான்கு எண்ணிக்கை கொண்ட ஆவர்த்தம் பன்னிரண்டு சேர்ந்த ஒரு வட்டம். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். முதல் வட்டத்தில் ட்ரம்பெட், இரண்டாவதில் ட்ராம்போன், மூன்றாவதில் கிளாரினெட்டும் ஆம்ஸ்ட்ராங்கின் குரலும் மாறி மாறி உரையாடும். அந்தக் குரலுக்குச் சொல் கிடையாது, வெறும் ஒலிகளே. நான்காவது வட்டம் ஏர்ல் ஹைன்ஸின் பியானோ. ஐந்தாவது தொடங்கும்போது ஆம்ஸ்ட்ராங் உச்சத்தில் ஒரே சுரத்தைப் பற்றி ஏறத்தாழ நான்கு ஆவர்த்தங்கள் நீள நிறுத்துவார். அதுவரை எண்ணிக்கொண்டு வந்தவனுக்குத்தான் அந்த நிற்றலின் அருமை தெரியும். எண்ணாமற் கேட்பவனுக்கு அது வெறும் நீண்ட ஒலி.

இத்தகைய தட்டுகள் நமக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன? 1929இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவில் இசைத்தட்டு வாணிகம் படுத்துவிட்டது. நிறுவனங்கள் பல மூடப்பட்டன. மூல அச்சுகள் பல அழிந்தன. பத்தாண்டுக்கு முந்திய ஜாஸ் தட்டு கடையில் கிடைக்காத பொருளாயிற்று. அப்போதுதான் சேகரிப்பாளர்கள் தோன்றினார்கள். தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் வீடு வீடாகச் சென்று, பழைய தட்டு இருக்கிறதா என்று கேட்டு, பரணிலும் பெட்டியடியிலும் கிடந்தவற்றை விலை கொடுத்து வாங்கினார்கள். ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையரை அறிந்த நமக்கு இக்காட்சி புதிதன்று. சுவடியைப் போலவே தட்டும் அந்த வீட்டாருக்குப் பழம்பொருள். தேடி வந்தவனுக்குக் கருவூலம்.

தேடியவர்கள் சேர்த்ததோடு நிற்கவில்லை. பெரும்பாலான தட்டுகளில் குழுத்தலைவரின் பெயர் மட்டுமே அச்சாகியிருந்தது. உடன் வாசித்தவர்கள் யார் என்பது தெரியாது. காதால் கேட்டும், கலைஞர்களை நேரில் வினவியும், தட்டின் நடுவே பொறிக்கப்பட்ட எண்களை ஒப்பிட்டும் அப்பெயர்களைக் கண்டறிந்தார்கள். பாரிஸ் நகரத்து இளைஞரான ஷார்ல் தெலோனே 1936இல் இவ்வாறு திரட்டிய ஜாஸ் தட்டு அட்டவணையை நூலாக வெளியிட்டார். நியூயார்க்கில் கொமொடோர் என்னும் இசைத்தட்டுக் கடையை நடத்திய மில்ட் கேப்ளர், கிடைக்காமற்போன தட்டுகளை மீண்டும் அச்சிட்டு, வாசித்தவர் அனைவரின் பெயரையும் அவற்றில் குறிக்கலானார். பெயரற்றுக் கிடந்த கலைஞர்களுக்குப் பெயரை மீட்டுக் கொடுத்தது சிறிய தொண்டா?

அதனினும் பெரிய தொண்டு ஒன்று உண்டு. 1939இல் வெளிவந்த ‘ஜாஸ்மென்’ என்னும் நூலுக்காகச் செய்தி திரட்டிய சேகரிப்பாளர்கள், பங்க் ஜான்சன் என்ற பழைய கார்னெட் கலைஞர் லூயிசியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் உடலுழைப்பால் பிழைத்துவருவதை அறிந்தனர். அவருக்குப் பல் இல்லை, ஊதுகருவியும் இல்லை. அன்பர்கள் சேர்ந்து பற்களைக் கட்டுவித்து, கருவியும் வாங்கிக் கொடுத்தனர். 1942இல் அவருடைய முதல் தட்டு பதிவாயிற்று. 1949இல் அவர் இறந்தார். அவரைத் தேடி யாரும் போகாதிருந்தால், போல்டனைப் போல அவரும் ஒலியின்றி மறைந்திருப்பார்.

ஆயினும் எல்லாவற்றையும் காப்பாற்ற இயலவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் அமெரிக்காவில் அரக்குக்குக் கட்டுப்பாடு வந்தது. பழைய தட்டுகளைத் திரட்டி நொறுக்கிப் புதிய தட்டாக்கினார்கள். அவ்வாறு நொறுங்கியவற்றுள் எவை எவை இருந்தன என்று யார் அறிவார்? அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் இசைக் கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. தட்டும் வானொலியும் வாசிப்பவரின் பிழைப்பைப் பறிக்கின்றன, அதற்கு ஈடு வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமும் இருந்தது. பெரிய நிறுவனங்கள் இரண்டு இணங்குவதற்கு 1944 நவம்பர் ஆயிற்று. அந்த இடைவெளியில்தான் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் ‘பீபாப்’ என்னும் புதுநெறியை வளர்த்தார்கள். ஒரு கலையின் இளம்பருவம் பெரும்பாலும் பதிவின்றியே கழிந்தது.

அப்புதுநெறிக்கு வித்திட்ட நாட்களைச் சிறிதேனும் நாம் கேட்க முடிகிறதென்றால், அதற்குக் கல்லூரி மாணவர் ஒருவரே காரணம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜெரி நியூமன், தட்டில் பதியும் கனத்த கருவியைச் சுமந்துகொண்டு 1941இல் ஹார்லெம் பகுதியின் இசை விடுதிகளுக்கு இரவுகளில் சென்றார். கித்தார்க் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அங்கே நேரக் கட்டுப்பாடின்றி வாசித்ததை அவர் பதிந்து வைத்தார். அடுத்த ஆண்டே கிறிஸ்டியன் இளவயதில் மாண்டார். மாணவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு இது விடையாகும்.

ஏடுகளில் பாடபேதம் இருப்பது போலத் தட்டுகளிலும் உண்டு. ஒரே பாட்டைப் பதிவுக்கூடத்தில் இரண்டு மூன்று முறை வாசித்து, சிறந்ததை வெளியிடுவார்கள். மனோதர்ம இசையில் எது சிறந்தது? 1947 அக்டோபர் 28ஆம் நாள் பார்க்கர் ‘எம்ப்ரேசபிள் யூ’ என்னும் பாட்டை இருமுறை வாசித்தார். இரண்டும் காக்கப்பட்டன. ஒரே நாள், ஒரே குழு, ஒரே பாட்டு. ஆயினும் சாக்சபோன் பின்னிய மெட்டு ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மனோதர்மம் என்பதன் பொருள் நூறு பக்கம் படித்தாலும் விளங்காத அளவுக்கு விளங்கிவிடும்.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன நெடுந்தட்டை அறிமுகம் செய்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்று என்றும் முப்பத்து மூன்றரைச் சுற்று என்றும் சிலர் கூறுவர். சரியான கணக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கிற்று. அதன் மெல்லிய வரியை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீளும். மூன்று நிமிடச் சிறையிலிருந்து ஜாஸ் விடுதலை பெற்றது. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் மைல்ஸ் டேவிஸ் குழுவினர் பதிவு செய்த ‘கைண்ட் ஆஃப் புளூ’ இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. முன்னொத்திகை இன்றி, சிறு குறிப்புகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் நாள் மூல நாடா ஓடிய கருவி சற்று மெதுவாக ஓடியதால், தட்டின் முதற் பக்கம் உண்மையைவிடச் சற்று விரைவாகவும் உயர்ந்த சுருதியிலும் ஒலித்தது. 1992இல் வந்த மறுபதிப்பில்தான் அது திருத்தப்பட்டது. பதிப்பைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது வீண் பிடிவாதமன்று என்பதற்கு இது சான்று.

தட்டு வாங்கப் பொருளில்லாதவர் என்ன செய்வது? ஜப்பானியர் இதற்கொரு வழி கண்டனர். யோகோஹாமா நகரில் 1933இல் ‘சிகுசா’ என்ற காப்பிக்கடை திறக்கப்பட்டது. ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்குச் சிறந்த ஜாஸ் தட்டுகளை அங்கே அமர்ந்து கேட்கலாம். 1945இல் விமானக் குண்டுவீச்சில் கடையும் தட்டுகளும் எரிந்தன. போருக்குப்பின் அன்பர்களின் உதவியால் கடை மீண்டும் எழுந்தது. அயல்நாட்டுத் தட்டு எட்டாத விலையில் இருந்த காலத்தில், ஜப்பானிய மாணவர்கள் இத்தகைய கடைகளில் பேச்சின்றி அமர்ந்து கேட்டே இவ்விசையைக் கற்றனர். தட்டு ஒருவருடையது, கேள்வி அனைவருடையது.

இன்று நிலைமை மாறிவிட்டது. விரலசைவில் எந்த இசையும் கைப்பேசியில் வந்து நிற்கிறது. இருந்தும் 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற வினைல் தட்டுகளின் எண்ணிக்கை, 1987க்குப் பிறகு முதன்முறையாகக் குறுந்தட்டுகளின் எண்ணிக்கையை விஞ்சிற்று. இதில் நாகரிக மோகமும் கலந்திருக்கிறது. உறை பிரிக்காத தட்டை விலையேறும் என்று பூட்டி வைப்பவர்களும் உண்டு. அவர்களைச் சேகரிப்பாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிக்காமல் பூட்டிய ஏட்டைச் செல் அரிக்கும். கேட்காமல் பூட்டிய தட்டை மறதி அரிக்கும். இதற்கு மாறாக, மார்ஷல் ஸ்டெர்ன்ஸ் என்ற பேராசிரியர் தம் சேகரத்தைக் கொண்டு 1952இல் ஜாஸ் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். 1966இல் அது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று மாணவர்களின் பொதுச் சொத்தாயிற்று. சேகரிப்பின் முடிவான பயன் அதுவே. 2008இல் ஹாலிவுட்டில் நிகழ்ந்த தீவிபத்து ஒன்றில் பழைய மூலப்பதிவுகள் பல எரிந்துபோயின என்பதை எண்ணினால், பலர் வீட்டில் பரவிக் கிடக்கும் படிகளே கலைக்குக் காவல் என்பது விளங்கும்.

மாணவ நண்பர்களுக்குச் சில சொற்கள். தட்டு கிடைத்தால் விளிம்பைப் பிடித்து எடுங்கள். வரியில் விரல் படலாகாது. அடுக்கி வைக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். வெயில் பட்டால் வினைல் வளைந்துவிடும். கை தவறினால் அரக்குத் தட்டு உடைந்துவிடும். வினைலுக்கான நுண்ணிய ஊசியை அரக்குத் தட்டில் வைக்காதீர்கள்; அதன் வரி அகலமானது. உறையின் பின்புறம் உள்ள பெயர்களை முழுவதும் படியுங்கள். ஒரு தட்டை ஒரே நாளில் மூன்று முறை கேளுங்கள்: முதன்முறை முன்னே ஒலிக்கும் கருவியை, இரண்டாம் முறை அடியில் நடக்கும் கனத்த தந்தியை, மூன்றாம் முறை தாளத்தை. பத்துத் தட்டுகளை ஒருமுறை கேட்பதைவிட இது பயன் தரும். தட்டே கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. கிடைத்த வழியில் கேளுங்கள். கேட்கும் முறை அதுவேதான்.

இறுதியாக ஒன்று. உங்கள் ஊரிலும் தட்டில் ஏறாத இசை இருக்கும். தெருக்கூத்தில் பாடும் முதியவர், நடவுப்பாட்டு அறிந்த பாட்டி, திருவிழாவில் மேளம் வாசிப்பவர் என்று பலர் இருப்பர். ஜெரி நியூமன் சுமந்த கருவி கனமானது. உங்கள் சட்டைப் பையில் இருப்பது இலேசானது. அவர்களிடம் போய், அனுமதி கேட்டு, பதிந்து, பெயரையும் ஊரையும் நாளையும் தவறாமல் குறித்து வையுங்கள்.